தபசு என்று நாங்கள் சொன்னது

என் அண்ணன் பெண்சாதி இஞ்ஞாசியம்மாளைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பெற்ற மகளை வதைத்தவள் என்று ஒன்று. கன்னியர் மடத்து அடுப்படியில் பன்னிரண்டு வருஷம் கிடந்து செத்த புண்ணியவதி என்று இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் அவள் வீட்டுக்குள் கால் வைத்தது கிடையாது. நான் அவளுக்கு நாத்தனார். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் சொல்கிறபடி எழுதிக்கொள். நடுவில் எதையும் நல்லதாக்கி எழுத வேண்டாம், கெட்டதாக்கவும் வேண்டாம்.

திண்டுக்கல்லில் தோல் பதம் பண்ணுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் எங்கள் தெரு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுண்ணாம்பும் ஊறிய தோலும் நாறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள், எங்களுக்கு அது தெரியாது. அண்ணன் சந்தியாகு, கிதர் முகம்மது ராவுத்தர் ஷாப்பில் தோல் தரம் பிரித்தார். எல்லாருக்கும் கொடுக்கிற வேலை இல்லை அது. பதம் பண்ணி வந்த தோலை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். கண்ணைக்கூட மூடிக்கொள்வார். இது வேலி முள் கிழித்தது, இது உண்ணி கடித்தது, இது மாட்டுக்குச் சூடு வைத்தது, இது உரிக்கிறவன் கத்தி நழுவியது என்று விரல் சொல்லிவிடும். கத்தி பட்ட தோல் மூன்றாம் தரம். சந்தியாகு கைக்கு ஒரு கண் இருக்கிறது, அது என் கண்ணைவிட நல்லது என்று ராவுத்தர் வேடிக்கையாகச் சொல்வார்.

இஞ்ஞாசி பஞ்சம்பட்டிப் பக்கத்தில் வெங்காயம் போடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். நல்ல உயரம். வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது. என் வீட்டுக்காரர் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாமல் போனபோது, மூன்று வருஷம் எனக்கும் சேர்த்து உலை வைத்தவள் அவள்தான். ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. அவள் ஒன்றைச் சரி என்று முடிவு கட்டிவிட்டால், சேசுநாதரே இறங்கி வந்து மாற்றிச் சொன்னாலும், நீர் கொஞ்சம் சும்மா இரும் என்பாள். மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவது புஷ்பமேரி. தங்கியது அவள் ஒருத்திதான்.

சுதந்திரம் வந்து ஊரெல்லாம் முதல் ஓட்டுப் போட்ட வருஷம் அண்ணனுக்குச் சுரம் வந்தது. விஷச் சுரம். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் அங்கே இருந்த டாக்டரம்மா, சாமியாரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் ஆயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் இஞ்ஞாசி மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். மாதா சொரூபத்துக்கு முன்னால் பிள்ளையை முழங்கால் போட வைத்து, அதன் தலையில் தன் கையை வைத்தாள். இந்த மனுசன் உசுரைக் குடுங்க, இவளை உங்க மடத்துக்குக் குடுத்துர்றேன் என்று சத்தமாகச் சொன்னாள். புஷ்பத்துக்கு அப்போது பத்து வயது. அது மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஒழுகுகிற மெழுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சுரம் இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் தெருவில் யாரும் புஷ்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சிஸ்டர், சிஸ்டரம்மா என்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், சிஸ்டருக்கு முதல் குடம் விடுங்கடி, சாபம் குடுத்துரப் போவுது என்று சிரிப்பார்கள். அவளும் முதலில் சிரித்தாள். உங்கப்பா உசுரே உன் கையிலதாண்டி இருக்கு என்று பெரிய மனுஷிகள் கன்னத்தைத் தடவிச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு கனம் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

ஒரு விஷயம் மட்டும் அண்ணனுக்குத் தெரியாது. பிழைத்து வந்தவரிடம், மகளுக்கு மடத்துக்குப் போக ஆசை வந்திருக்கிறது என்றுதான் இஞ்ஞாசி சொன்னாள். நேர்ச்சை விஷயத்தைச் சொல்லவில்லை. ஆம்பளைக்கு அது பாரமாக இருக்கும், அவுக மனசுல எதுக்கு அது என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெருவெல்லாம் தெரிந்த சங்கதி அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தோல் ஷாப்புக்காரர்கள் விடிவதற்கு முன் போய் விளக்கு வைத்தபிறகு திரும்புகிறவர்கள். பெண்கள் பேச்சு அவர்கள் காதுக்குப் போவதில்லை.

புஷ்பம் பெரியவளானாள். சிரிப்புக்காரி. கனகாம்பரம் என்றால் உயிர். பூக்காரி முத்துப்பேச்சி கூடையை இறக்கினால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். இஞ்ஞாசி அதை நிறுத்தினாள். மடத்துக்குப் போகிறவளுக்குப் பூ எதற்கு, இப்போதே மறக்கப் பழகட்டும் என்றாள். வளையல் போயிற்று. கோவில் திருநாள் ராட்டினம் போயிற்று. எட்டாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடமும் நின்றது. பதினைந்து வயது ஆனால் எடுத்துக்கொள்வதாக மடத்துத் தலைவி மதர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் இஞ்ஞாசி வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். புஷ்பம் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கையில் உருட்டியது. பிறகு, "ஏம்மா, எனக்குப் பதிலா மாதாவுக்கு வேற ஏதாவது குடுக்கலாமா? ஒரு கிடாக்குட்டி வளத்துக் குடுப்போமே?" என்று கேட்டது.

இஞ்ஞாசி தலை நிமிரவில்லை. "குடுக்கலாமே. அப்ப உங்கப்பாவத் திருப்பிக் குடுத்துரு."

இவ்வளவுதான். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிப் போடுகிற மாதிரி சொன்னாள். பிள்ளை எழுந்து போய்விட்டது. நான் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். என்ன மதனி இப்படிச் சொல்லிட்டீக என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் போட்ட சோறு தின்றவள் நான்.

இரண்டாவது ஓட்டு வந்த வருஷம், சேசுவின் பாடுகளை நினைக்கிற தபசுகாலம் ஆரம்பித்து இரண்டாவது வாரம், நான்தான் முதலில் பார்த்தேன். கிணற்றடியில் புஷ்பம் குளித்துவிட்டு ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே உள்பக்கம் கோடு கோடாக இருந்தது. சில ஆறியிருந்தன, சில சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் துணியை இழுத்து மூடினாள். என்னடி அது என்று கேட்டதற்கு முள் என்றாள். ஒரே மாதிரி, ஒரே அளவில் எந்த முள் கிழிக்கும்? நேரே இஞ்ஞாசியிடம் போய்ச் சொன்னேன்.

அவள் மகளை உள்ளே கூட்டிப்போய்க் கையைத் திருப்பிப் பார்த்தாள். நானும் நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தில் பயம் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. அந்தக் காலத்தில் தபசுகாலம் என்றால் சும்மா இல்லை. வெறுங்காலோடு சிலுவைப்பாதை போவார்கள், மணலில் முழங்கால் தேய்ப்பார்கள், சாட்டையால் முதுகில் அடித்துக்கொள்கிற கிழவர்களும் இருந்தார்கள். அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்கள் கதையெல்லாம் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம்.

"தபசாடி?" என்றாள் இஞ்ஞாசி. "சேசுவோட பாடுகளுக்காகப் பண்ணுறியா?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. யாராவது ஒருத்தியாவது வேறு ஒன்று கேட்பாளா என்று பார்த்த பார்வை அது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

இஞ்ஞாசி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாதா என் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டாள், மடத்துக்குப் போகும் முன்னமே பிள்ளைக்கு இந்த வரம் வந்துவிட்டது என்றாள். அந்தக் கையில் உதடு வைத்து முத்தி செய்தாள். என்னையும் முத்தி செய்யச் சொன்னாள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்குச் செய்வது போலக் குனிந்து நானும் செய்தேன். புஷ்பத்தின் கை சில்லென்று இருந்தது.

அண்ணனிடம் சொல்லக்கூடாது, தபசு என்பது மறைவாக இருக்க வேண்டும் என்றாள். ஆனால் பெருமையை எத்தனை நாள் வாயில் அடக்க முடியும்? ஒருத்தியிடம் சொன்னாள், அந்த ஒருத்தி நாலு பேரிடம் சொன்னாள். மத்தியானத்தில், ஆம்பளைகள் ஷாப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். புஷ்பத்தை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இஞ்ஞாசி சட்டைக் கையை ஏற்றிக் காட்டுவாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாத சின்னக்கண்ணு, அவள் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவள்கூட இல்லை, வெற்றிலை பாக்கோடு வந்து அந்தக் கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கிழவி, என்னம்மா போன வாரம் பார்த்ததேதான் இருக்கு, புதுசா ஒண்ணும் காணோமே என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் புதிதாக இருந்தது.

நான் சொல்வது காதில் விழுகிறதா? எழுதிவிட்டாயா? அடுத்த வாரம் புதிதாக இருந்தது.

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வந்தது. தபசுகாலம் முடிந்தது. கோடுகள் நிற்கவில்லை. எனக்கு அது தெரியும். துவைக்கிற துணியில் தெரியும். தபசுகாலம் போனபிறகும் எதற்கடி என்று நான் கேட்கவில்லை. இஞ்ஞாசிக்கும் தெரிந்திருக்கும். இன்னும் ஒரு மாதத்தில் மடத்துக்குப் போய்விடுவாள், அங்கே சிஸ்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பாள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டு இஞ்ஞாசி, புஷ்பம், நான் மூன்று பேரும் மடத்துக்குப் புறப்பட்டோம். அண்ணன் வாசல் வரைக்கும் வந்தார். மகள் நெற்றியில் சிலுவை வரைந்தார். கண் கலங்கியிருந்தது. ஆசைப்பட்டுப் போற, நல்லாயிரு என்றார். புஷ்பம் படியிறங்கினாள்.

மடத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உடம்பு பார்ப்பார்கள். ஒரு சிஸ்டர் உள்ளே கூட்டிப்போனார். கால் மணியில் மதர் வெளியே வந்தார். வயசானவர். இஞ்ஞாசியை உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல், பார்த்தீகளாம்மா, எம்புள்ள தபசை என்றாள்.

"இது தபசு இல்லம்மா," என்றார் மதர். "நாங்களும் தபசு பண்றவங்கதான். எங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு உள்ளே எங்கேயோ வலிக்குது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உக்காந்து கேளுங்க. இங்க சேத்துக்க முடியாது."

கேளுங்க என்று மதர் சொன்னது இஞ்ஞாசி காதில் விழவில்லை. சேர்த்துக்கொள்ள முடியாது என்றதுதான் விழுந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் ஜெபம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினதும், தகரப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மகளை அறைந்தாள். நடிச்சியா, மாதாவையே ஏமாத்துனியா, இப்ப உங்கப்பா உசுருக்கு என்னடி பதில் சொல்லுவ என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். தடுக்கப் போன எனக்கும் விழுந்தது. புஷ்பம் கையைக்கூடத் தூக்கவில்லை. அடி வேண்டியிருந்த மாதிரி நின்றாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு யாரோ ஷாப்புக்கு ஓடியிருக்கிறார்கள். அண்ணன் வந்து கதவைத் தள்ளினார். மகள் சட்டைக் கை கிழிந்து தொங்கியது. வயசுக்கு வந்த மகளை அப்பன் தொடுகிற வழக்கம் எங்களில் இல்லை. அன்றைக்கு அவர் கையைப் பிடித்தார். எங்களைப் போல அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். நின்றார். மறுபடியும் தடவினார். தோல் பதம் பண்ணுகிற பட்டை நீரில் காவியேறிய அந்தக் கை ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று இறங்கியது.

"இது பழசு," என்றார். "இது அதுக்கப்புறம். இது போன வாரத்தது. இது நேத்து." அப்புறம் கண்ணைத் திறந்தார். "எல்லாம் ஒரே கை பண்ணுனது. எதுக்காத்தா?"

என் அண்ணன் படிக்காதவர். அன்றைக்கு அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தையை மூன்று மாதமாக நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"எனக்கு மடத்துக்குப் போகப் புடிக்கலப்பா," என்றாள் புஷ்பம். "ஆனா நான் போகலன்னா நீங்க செத்துருவீங்க."

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். சத்தியத்தை மீறி நான்தான் நேர்ச்சையைச் சொன்னேன். கோவிலையும் சொன்னேன், கிடாக்குட்டியையும் சொன்னேன், அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டே சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே, "என் உசுருக்கு எம்புள்ளைய வித்தியா இஞ்ஞாசி?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் அவள். "இன்னொரு தடவை சொரம் வந்தாலும் விப்பேன்."

அவளைக் கெட்டவள் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்லுவார்கள். அப்போது அவள் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. கை நீட்டி அவர் காலைத் தொட வந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். அன்றையிலிருந்து அவளிடம் பேசவில்லை. அவள் சமைத்ததைத் தின்றார், அவள் மடித்த வேட்டியைக் கட்டினார். பேச்சு மட்டும் இல்லை.

அவர் வேலையும் போயிற்று. ராவுத்தர் விரட்டவில்லை, கையே விட்டுவிட்டது. தோலில் கத்தி பட்ட இடம் விரலில் தட்டினால் அப்படியே நின்றுவிடுவாராம். ராவுத்தர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டால்தான் அசைவாராம். முதல் தரத்தை மூன்றில் போட்டார், மூன்றை முதலில் போட்டார். மதராஸிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. ராவுத்தர் வீட்டுக்கே வந்து, ஏம்ப்பா சந்தியாகு, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கயேன் என்றார். இவர்தான், எனக்குச் சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை போடுங்க பாய் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே தடவிப் பார்க்க வேண்டாம். முழங்கால் வரை சுண்ணாம்பில் நின்று தோலைப் புரட்டினால் போதும். காலும் நெஞ்சும் வெந்துபோகிற வேலை.

அவர் இருமினால் இஞ்ஞாசி மகளைப் பார்ப்பாள். அது அடியைவிட மோசம்.

கடைசியில் அவள் சாமியாரிடம் போனாள், பிள்ளைக்குப் பதிலாக நானே போகலாமா என்று கேட்க. என்னையும் கூட்டிப்போனாள். சாமியார் சின்ன வயசுக்காரர். பூசைப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் நேர்ச்சை வைத்தால் அது செல்லாதும்மா, அந்தப் பிள்ளை சம்மதம் கேட்டீங்களா, இல்லையே, அப்ப அன்றைக்கே அது ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்க என்றார். ஐந்து வருஷமாக மூன்று பேரைத் தின்ற நேர்ச்சை, துணியை உதறி மடிக்கிற நேரத்தில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு அந்தச் சாமியார் மேல் ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொன்னதற்காக.

இஞ்ஞாசி ஒத்துக்கொள்ளவில்லை. "மாதாகிட்டச் சொன்னது நானு. இவருக்கு என்ன தெரியும்," என்றாள் வெளியே வந்து. அந்த வாரமே மடத்துக்குப் போய் மதர் காலைப் பிடித்து, அடுப்படியில் விறகு தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வரமாட்டேன், சம்பளமும் வேண்டாம், இங்கேயே கிடக்கிறேன் என்று சொன்னாளாம். புறப்படுகிறபோது மகளிடம், ஒனக்குப் பதிலா நான் போறேன், இனி உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது என்றாள். அது அவள் கணக்கில் பாசம். பாசம் இல்லாமல் யார் வீட்டை விட்டுப் போய்ச் சாம்பல் அள்ளுவார்கள்?

நான் புஷ்பத்திடம் அப்படித்தான் சொன்னேன், உங்கம்மா உனக்காகத்தான் போனாள் என்று. "எனக்காக யாரும் ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை," என்றாள் அவள்.

அப்புறம் அண்ணனும் அவளும்தான். அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து குளித்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்காருவார். இன்னைக்கு எப்படி ஆத்தா என்று கேட்பார். அவள் நல்லாயிருக்கேன்பா என்பாள், அல்லது இன்னைக்கு முடியலப்பா என்பாள். முடியவில்லை என்றால் அவர் திட்டவும் மாட்டார், அழவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். அவள் தூங்கும் வரைக்கும் ஷாப்பில் நடந்ததை எதையாவது சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் அவரே கூட்டிப்போவார். டாக்டரம்மா பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரே நாளில் நிற்கவில்லை. நின்றது, திரும்ப வந்தது, நின்றது. ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிறகு ஒரு நாள் முத்துப்பேச்சி கூடையிலிருந்து அவளே கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

நன்றாக முடிந்தது என்று நினைக்கிறாயா? மூன்றாவது ஓட்டு வந்த வருஷம், மாசியில், அண்ணன் செத்துப்போனார். சுண்ணாம்புதான். நெஞ்சு அடைத்துப்போய், பத்து நாள் மூச்சுக்குப் போராடினார். அந்தக் குழிக்கு அவரை அனுப்பியது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மடத்திலிருந்து இஞ்ஞாசி வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, கையெல்லாம் அடுப்புத் தழும்பு. புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவளிடம் பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, சாகும்போதும் கூப்பிடவில்லை. தெருப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்தான். இப்போது புஷ்பத்தைப் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினார்கள். மாதாவுக்குச் சொன்னதை மீறினால் சும்மா விடுமா என்று ஒருத்தி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

புஷ்பம் எழுந்து அம்மா முன்னால் வந்து நின்றாள். இருபது வயது. அவ்வளவு பேருக்கு நடுவில் கேட்டாள்.

"என்னாலதானாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் பாத்தியதை. இஞ்ஞாசி வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள், பிணத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் ஐந்து வருஷம் சாம்பல் அள்ளியது எதற்கு? நேர்ச்சை எதற்கு, அந்த அடி எதற்கு, எல்லாம் எதற்கு? வாயை மூடிக்கொண்டாள்.

நான்தான் சொன்னேன், இல்லடி, இல்லடி ஆத்தா, உன்னால இல்லை என்று. கத்தினேன் என்றே வைத்துக்கொள். அத்தை சொன்னால் அம்மா சொன்னதாக ஆகுமா? அன்றைக்கு முழுக்க நான் புஷ்பத்தின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஒன்றுக்குப் போனாலும் கூடப் போனேன். ஒரு மாதம் அவளோடுதான் படுத்தேன். இன்னைக்கு எப்படி ஆத்தா என்று அண்ணன் கேட்கிற மாதிரியே கேட்டேன். முடியலத்தை என்று சொன்னாள், சொல்லவாவது செய்தாள். பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சாணார்பட்டிப் பக்கம் அருளப்பன் என்கிற தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே கையைப் பற்றி நானே மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஆறிப்போச்சுல்ல, அப்புறம் என்ன என்றார். தக்காளியும் மொச்சையும் போடுகிறவர், அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டுமா என்று புஷ்பத்திடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

நாலாவது ஓட்டு வந்த வருஷம் இஞ்ஞாசி என் வீட்டுக்கு வந்தாள். மடத்தை விட்டு அவள் வெளியே வந்தது அண்ணன் சாவுக்கப்புறம் அதுதான் முதல் தடவை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஞானம், நீ சாணார்பட்டி போனா எம்புள்ளைகிட்ட ஒண்ணு சொல்லிரு என்றாள். என்ன என்றேன். உங்கப்பா செத்தது உன்னால இல்லன்னு அம்மா சொல்லச் சொன்னான்னு சொல்லிரு என்றாள். எனக்கு வந்ததே கோபம். அஞ்சு வருஷம் கழிச்சு ஆள் மூலமாச் சொல்லி அனுப்புறதா இது, வாய் இருக்கில்ல மதனி, வாங்க, நீங்களே சொல்லுங்க என்று அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

புஷ்பம் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. எங்களைப் பார்த்து எழுந்தாள். வாங்க என்றாள், இரண்டு பேருக்கும் பொதுவாக.

இஞ்ஞாசி உட்காராமலே சொன்னாள். "அன்னைக்குக் கேட்டியே. உன்னால இல்லடி."

"தெரியும்மா," என்றாள் புஷ்பம். "சாப்பிட்டுப் போங்க."

அவ்வளவுதான். அழுகை கிடையாது, கட்டிக்கொள்ளல் கிடையாது. சோறு போட்டாள். மொச்சைக் குழம்பு. பரிமாறுகிறபோது இஞ்ஞாசி கை நீட்டி அந்த ரவிக்கைக் கையைத் தொடப் போனாள். புஷ்பம் கையை இழுத்துக்கொண்டாள். அண்ணன் அன்றைக்குக் காலை இழுத்துக்கொண்ட அதே மாதிரி.

அப்போது பேத்தி லூர்து உள்ளே ஓடி வந்தது. மூன்று வயது. முழங்கைக்கு மேலே புதிதாக ஒரு கீறல், ரத்தம் பொடித்திருந்தது. இஞ்ஞாசி கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. முகம் வெளுத்துப்போய்ப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, முள்ளாடி, வேலி முள்ளு கிழிச்சுச்சா, முள்ளுதானே என்று கேட்டாள்.

"அவகிட்டக் கேளுங்கம்மா," என்றாள் புஷ்பம், குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. "பதிலை நீங்களே சொல்லிராதீங்க."

இஞ்ஞாசி வாயை மூடினாள். பிறகு மெதுவாக, என்னத்தா ஆச்சு என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். லூர்து சொல்ல ஆரம்பித்தது. ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போனது, ஆட்டுக்குட்டி வேலிக்குள் நுழைந்தது, இதுவும் நுழைந்தது, அங்கே ஓணான் இருந்தது, ஓணான் தலையை ஆட்டியது, இதுவும் ஆட்டியது. சொல்லிக்கொண்டே போயிற்று. இஞ்ஞாசி நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு ஆறிப்போயிற்று. புஷ்பம் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன்.

சாயங்காலப் பஸ்ஸுக்குப் புறப்பட்டோம். இன்னொரு நாள் வாங்க என்று புஷ்பம் சொல்லவில்லை. ஒரு மஞ்சப்பையில் மொச்சை மட்டும் போட்டுக் கொடுத்தாள். அது மடத்து அடுப்படிக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து இஞ்ஞாசி அங்கேயே செத்தாள். சொல்லி அனுப்பினார்கள். புஷ்பம் வந்தாள், லூர்துவையும் கூட்டிக்கொண்டு. பெட்டியை மூடும் வரைக்கும் நின்றாள். ரவிக்கைக் கை அன்றைக்கும் மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது.